ரெசின் பொம்மைக்கு உப்புத்தாள் போட்டால் வீடெல்லாம் வெள்ளை: சின்ன வீட்டில் என்ன செய்வது?

தூரிகைமுனை (வேளச்சேரி)
செவ்வாய், இரவு 10.50

எல்லோருக்கும் வணக்கம். இதுவரை துண்டுதுண்டாக வரும் பிளாஸ்டிக் பொம்மைக் கிட் மட்டும்தான் ஒட்டியிருக்கிறேன். போன மாதம் முதல்முறையாக ஒரு ரெசின் பொம்மை வாங்கினேன். 75 மில்லிமீட்டர் உயரம், ஈட்டியை ஊன்றி நிற்கும் ஒரு வீரன். தலை, இரண்டு கை, கேடயம் எல்லாம் தனித்தனி. பாதத்துக்கு அடியில் சுண்டுவிரல் தடிமனுக்கு ஒரு கட்டை. தொடையிலிருந்து தோள்வரை இரண்டு பக்கமும் அச்சுக் கோடு. பெட்டியில் 'ரெசின்' என்று மட்டும் போட்டிருக்கிறது, வேறு விவரம் இல்லை.

ஹார்டுவேர் கடையில் 240 நம்பர் உப்புத்தாள் வாங்கி வந்து, ஹாலில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஃபேனைப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் மாலை தேய்த்தேன். பிளாஸ்டிக் தேய்த்தால் துருவல் மாதிரி சுருண்டு விழும். இது மாவு. கோலமாவைவிட மெல்லிசு. மறுநாள் காலையில் லேப்டாப் திரை, டிவி, தண்ணீர்க்குடத்து மூடி எல்லாவற்றிலும் படிந்திருந்தது. மூக்கைச் சிந்தினால் வெள்ளை. தொண்டையில் நமைச்சல்.

இதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். மூன்று வயது மகள் மேசையில் படிந்த மாவில் விரலால் ஒரு பூனை வரைந்து வைத்திருந்தாள். வரைந்து முடித்த விரல் அடுத்து எங்கே போகும் என்று பிள்ளை வளர்த்தவர்களுக்குத் தெரியும். மனைவி ஒன்றும் சொல்லவில்லை, பொம்மையைத் தூக்கிப் பீரோவுக்கு மேல் வைத்துவிட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இந்தத் தூசி விஷமா, இல்லை வெறும் தொல்லையா? கொரோனா காலத்தில் வாங்கிய நீல சர்ஜிக்கல் மாஸ்க் ஒரு பெட்டி, என்95 நான்கைந்து மிச்சம் இருக்கின்றன. அவை போதுமா? ஃபேனை நிறுத்து என்று சொல்லப் போகிறீர்கள், தெரியும். இது மே மாதம், இது சென்னை. பால்கனியில் எங்கள் துணியும் பக்கத்து வீட்டுத் துணியும் காய்கின்றன. கையில் ஒரு மினி டிரில்லும் இருக்கிறது. காலடிக் கட்டையை அதிலேயே அரைத்துத் தள்ளிவிடலாமா?

பழையதூரிகை
செவ்வாய், இரவு 11.20

பத்து வருடமாகக் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டுதான் தேய்க்கிறேன். ஒன்றும் ஆகவில்லை. நம் ஊர் ரோட்டுத் தூசியைவிடவா இது? மொட்டை மாடிக்குப் போய்க் காற்று அடிக்கும் பக்கம் முதுகைக் காட்டி உட்காருங்கள், முடிந்தது. ரொம்ப யோசித்தால் பொம்மை பீரோ மேலேயேதான் இருக்கும்.

பல்செட் (மதுரை)
புதன், காலை 6.15

தம்பி, பெண்டாட்டி பீரோவுக்கு மேல் வைத்தது நல்ல காரியம். ஒரு வாரம் அங்கேயே இருக்கட்டும். அதற்குள் இதைப் படியுங்கள்.

எனக்குப் பிழைப்பு பல்செட் செய்வது. 2001-இல், பத்தொன்பது வயதில், டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு மாடி அறையில் வேலைக்குச் சேர்ந்தேன். பத்துக்குப் பத்து அறை, நான்கு பேர், கையில் பிடித்து அரைக்கிற மைக்ரோமோட்டார் நான்கு, ஒரு சீலிங் ஃபேன். பல்செட்டின் ஈறுப் பகுதி ரோஸ் நிற அக்ரிலிக். அதை நாள் முழுக்க டிரிம் செய்வோம். உறிஞ்சு விசிறி என்ற பேச்சே கிடையாது, மூக்கில் கைக்குட்டைதான், பழையதூரிகை சார் கட்டுகிற அதே கைக்குட்டை. சாயங்காலம் தலை சீவினால் சீப்பு ரோஸ். பல் தேய்த்தால் நுரை ரோஸ். ஒருநாள் டவுன் பஸ்ஸில் கண்டக்டர் என் தலையைப் பார்த்து, "என்னப்பா, வடநாட்டுப் பண்டிகையா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்த அண்ணனுக்கு ஐம்பது வயதில் மாடிப்படி ஏற முடியாமல் போயிற்று. நெஞ்சு எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "கல் குவாரியில் வேலை பார்த்தீர்களா?" பல் டெக்னீஷியன்களுக்கு வரும் நுரையீரல் தூசி நோய் மருத்துவப் புத்தகத்தில் இருக்கிற விஷயம் என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவர் அக்ரிலிக்கோடு நிற்கவில்லை. உலோக வார்ப்பு, சிலிக்கா கலந்த அச்சுமண், மணல் பீச்சும் வேலை எல்லாம் இருபத்தைந்து வருடம் செய்தவர். மாதம் ஒரு பொம்மை தேய்க்கிற உங்களை அவரோடு சேர்த்துப் பயமுறுத்த மாட்டேன். ஆனால் கைக்குட்டை என்ன காப்பாற்றும் என்பதை நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தவன்.

விஷமா என்று கேட்டீர்கள். அச்சில் ஊற்றி நன்றாக இறுகிய வார்ப்பு ரெசின் தன்னளவில் பெரிய விஷம் இல்லை. விழுங்கினால் பெரும்பாலும் மலத்தோடு வெளியே போய்விடும். அதற்காக மகள் வாயில் வைக்கலாம் என்று சொல்லவில்லை. சிக்கல் அளவில் இருக்கிறது. மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடி சுமார் 70 மைக்ரான் தடிமன். நீங்கள் மேசையில் பார்த்த மாவில் பெரும்பகுதி அந்தக் கணக்கில் வரும். அது மூக்கிலும் தொண்டையிலும் மாட்டிக்கொள்ளும், தும்மினால் போய்விடும். 10 மைக்ரானுக்குக் கீழே உள்ளது மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். நான்கைந்துக்குக் கீழே உள்ளது நுரையீரலின் கடைசிக் காற்றுப்பை வரைக்கும் போகும். அங்கே போனால் சளியோடு சேர்த்துத் துப்ப வழியில்லை. வெள்ளையாகத் தெரிகிற தூசி உங்கள் எதிரி இல்லை தம்பி, தெரியாததுதான்.

அது எவ்வளவு நேரம் மிதக்கும் தெரியுமா? அசையாத காற்றில் 10 மைக்ரான் துகள் ஒரு மீட்டர் கீழே இறங்க ஐந்தாறு நிமிடம். 1 மைக்ரான் துகளுக்கு ஏழெட்டு மணி நேரம். இது ஃபேன் ஓடாத அறையின் கணக்கு. ஃபேன் ஓடினால் அது இறங்கவே இறங்காது. நீங்கள் தேய்த்து முடித்து, குளித்து, சாப்பிட்டு, அதே ஹாலில் படுத்துத் தூங்கும்போதும் மூக்கு முன்னால் சுற்றிக்கொண்டிருக்கும்.

நம்பிக்கை வராவிட்டால் இன்று ராத்திரி ஒரு வேலை செய்யுங்கள். விளக்கை அணைத்துவிட்டு, மேசையின் எதிர்ப்பக்கத்திலிருந்து உங்களை நோக்கி செல்போன் டார்ச்சை அடியுங்கள். பல்பு கண்ணைக் கூசாமல் ஒரு புத்தகத்தால் மறைத்துக்கொண்டு, ஒளி போகும் பாதையை மட்டும் பாருங்கள். இப்போது உப்புத்தாளை இரண்டே இரண்டு இழு இழுங்கள். ஓட்டு வீட்டில் ஓட்டை வழியே வெயில் விழும்போது தெரியுமே, அந்த மாதிரி தெரியும். நாங்கள் லேபில் புதுப் பையன்களுக்கு முதல் நாள் காட்டுவது இதைத்தான்.

சரி, என்ன செய்வது? எல்லோரும் மாஸ்க்கிலிருந்து ஆரம்பிப்பார்கள். நான் கத்தியிலிருந்து ஆரம்பிப்பேன். உங்கள் தூசியில் முக்கால்வாசி அந்தக் காலடிக் கட்டையிலிருந்து வந்திருக்கும். அதைத் தேய்த்தே தீர்க்க வேண்டும் என்று யார் சொன்னது? மெல்லிய பல் உள்ள ரேசர் ரம்பம் கிடைக்கும். கட்டையில் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு மெதுவாக அறுங்கள். அறுத்தால் வருவது ஈர மரத்தூள் மாதிரி கனமாக விழும், பறக்காது. அச்சுக் கோட்டுக்குக் கத்தியின் முனையை மறந்துவிடுங்கள். அலகைச் செங்குத்தாக நிறுத்தி, கேரட் தோலைச் சுரண்டுவதுபோல் இழுங்கள். சுருள் சுருளாக வரும். இந்த இரண்டும் முடிந்தால் உப்புத்தாளுக்கு மிச்சம் இருப்பது ரொம்பக் கொஞ்சம்.

அந்தக் கொஞ்சத்தையும் ஈரத்தில் தேய்க்க வேண்டும். நீங்கள் வாங்கியது மர உப்புத்தாள், தண்ணீர் பட்டால் பிய்ந்துவிடும். கார் பெயின்ட் கடையில் 'வாட்டர் பேப்பர்' என்று கேளுங்கள், கறுப்பாக இருக்கும். 400, 600, 800 மூன்று நம்பர் போதும். அதற்கு மேலே போனால் பிரைமர், அதாவது பெயின்டுக்கு முந்தைய அடிப்பூச்சு, அடித்த பிறகு வித்தியாசம் தெரியாது, கைவலிதான் மிச்சம். தாளைச் சின்னச் சின்னதாக வெட்டி ஐஸ் குச்சியில் ஒட்டிக்கொள்ளுங்கள். கிண்ணத்தில் தண்ணீர், அதில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டு. அந்தச் சொட்டு இருந்தால் தாள் அடைத்துக்கொள்ளாது. பொம்மை, தாள் இரண்டும் எப்போதும் நனைந்தே இருக்க வேண்டும். பால் மாதிரி ஒரு குழம்பு வரும். வந்தால் சரியாகச் செய்கிறீர்கள் என்று அர்த்தம்.

பாதிப் பேர் கோட்டைவிடும் இடம் இதற்கு அப்புறம்தான். அந்தக் குழம்பு காய்ந்தால் மறுபடி அதே மாவு. மேசையில் ஒரு எவர்சில்வர் தட்டை வைத்து அதற்குள்ளேயே வேலை செய்யுங்கள். காய்வதற்குள் ஈரத்துணியால் துடைத்து, துணியைத் தனியாக அலசுங்கள். கிண்ணத்துத் தண்ணீரை உடனே சிங்க்கில் கொட்ட வேண்டாம். ராத்திரி முழுக்க வைத்தால் மாவு அடியில் தங்கும். மேல் தண்ணீரைப் பழைய வேட்டித்துணியில் வடித்துவிட்டு, அடிவண்டலைத் தாளில் மடித்துக் குப்பையில் போடுங்கள். ஏற்கெனவே வீட்டில் படிந்திருப்பதைப் பூந்துடைப்பத்தால் பெருக்க வேண்டாம், வாயால் ஊத வேண்டாம், ஈரத்துணிதான். சாதாரண வாக்குவம் கிளீனரும் வேண்டாம். முன்னால் இழுக்கிற நுண்தூசியைப் பின்னால் துப்பும். நுண்தூசியையும் பிடிக்கிற ஹெப்பா ஃபில்டர் உள்ளதென்றால் பரவாயில்லை.

இப்போது மாஸ்க். நீல சர்ஜிக்கல் மாஸ்க் உங்கள் எச்சில் மற்றவர் மேல் படாமல் இருக்கச் செய்தது. கன்னத்துப் பக்கம் இரண்டு ஜன்னல் திறந்திருக்கும். என்95 வேறு சாதி. 0.3 மைக்ரான் அளவுத் துகளிலேயே குறைந்தது 95 சதவீதத்தைப் பிடிக்கும், ஆனால் ஓரம் முகத்தோடு ஒட்டினால் மட்டும். கொரோனா கால மிச்சத்தின் நாடாவை இழுத்துப் பாருங்கள். தளர்ந்திருந்தால் தூக்கிப் போடுங்கள். காதில் மாட்டுவதைவிடத் தலைக்குப் பின்னால் இரண்டு நாடா போகிற வகை நன்றாகப் பிடிக்கும். தாடி வைத்திருக்கிறீர்களா? வைத்திருந்தால் எந்த மாஸ்க்கும் பாதி மாஸ்க்தான். அடிக்கடி இந்த வேலை செய்வதாக இருந்தால் ரப்பர் அரைமுகக் கவசம் ஒன்று வாங்கி, 3எம் 2091 என்ற ரோஸ் வட்ட ஃபில்டரை மாட்டிக்கொள்ளுங்கள். நான் அதைத்தான் போடுகிறேன். பி100 ரகம், நுண்தூசியில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும். ஆனால் தின்னர் வாடை, ஸ்ப்ரே வாடை எதையும் அது தடுக்காது. தூசிக்குத் தூசி ஃபில்டர், வாடைக்குக் கரி ஃபில்டர்.

ஈரத்தில் செய்யும்போது மாஸ்க் தேவையா என்றால், முதல் பத்து பொம்மைக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கை பழகும்வரை தாள் காய்ந்துவிடும், கவனிக்க மாட்டீர்கள்.

மினி டிரில்லைப் பெட்டியிலேயே வையுங்கள். என் லேபில் அதே மாதிரி மோட்டார் நிமிடத்துக்கு 35,000 சுற்று ஓடுகிறது. வேகம் கூடக்கூடத் தூள் நுணுக்கமாகும், சூடும் ஏறும். ரெசின் கருகும் வாடை வந்தால் அது வெறும் தூசி இல்லை, புகை. லேபில் இப்போது உறிஞ்சுப் பெட்டிக்குள் கையை விட்டுத்தான் செய்கிறோம். உங்கள் வீட்டில் அது கிடையாது. தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் மின்சாரக் கருவி எதற்கு?

ஃபேனுக்கு வருகிறேன். காலை ஐந்தரைக்கு எழுந்து இருபது நிமிடம். அந்த நேரத்தில் சென்னையும் தாங்கும். மொட்டை மாடி யோசனை முழுத் தப்பில்லை, உலர்ந்த வேலை செய்தே ஆகவேண்டும் என்றால் வீட்டுக்குள் செய்வதைவிட அது மேல். ஆனால் காற்று சுழலும். முதுகைக் காட்டி உட்கார்ந்தால் உங்கள் உடம்புக்கு முன்னால் ஒரு சுழல் உண்டாகி, தூசியை நேராக முகத்துக்குக் கொண்டுவரும். காற்று பக்கவாட்டில் போகிற மாதிரி உட்காருங்கள்.

தேய்க்கும்போது ஒரு பழைய சட்டை, முடிந்ததும் அது நேரே வாளித் தண்ணீருக்குள். மேசையில் டீ டம்ளர் கூடாது. வேலைக்குக் கிளம்ப வேண்டும், மிச்சத்தை அப்புறம் எழுதுகிறேன்.

நானூற்றைந்து (கோவை)
புதன், மதியம் 1.05

பல்செட் அண்ணன் சொன்னது எல்லாம் வார்ப்பு ரெசினுக்கு. தூரிகைமுனை, உங்களுடையது வார்ப்பா, பிரிண்டா என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். இப்போது விற்கிற பொம்மைகளில் 3டி பிரிண்டரில் செய்தவை நிறைய. இரண்டையும் 'ரெசின்' என்றுதான் சொல்கிறார்கள், இரண்டும் வேறு வேறு சரக்கு.

அச்சுக் கோடும் காலடிக் கட்டையும் இருக்கிறது என்கிறீர்கள், அப்படியானால் அது வார்ப்பு. பிரிண்ட் செய்ததில் அச்சே கிடையாது, கோடு எங்கிருந்து வரும்? அதில், பிரிண்ட் ஆகும்போது பொம்மையைத் தாங்கிய குச்சிகளை ஒடித்த இடத்தில் வேர்க்குரு மாதிரிப் புள்ளிகள் இருக்கும். லென்ஸில் பார்த்தால் படிப்படியாக அடுக்கு தெரியும். அடுக்கு தெரிந்தாலே பிரிண்ட் என்றும் சொல்ல முடியாது. மூலப் பொம்மையைப் பிரிண்ட் எடுத்து, அதிலிருந்து அச்சு எடுத்து வார்த்திருந்தால் அந்த அடுக்கும் வார்ப்பில் பதிந்திருக்கும். அச்சில் ரெசின் ஊற்றும் வாயில் மிஞ்சுகிற அந்தக் கட்டைதான் நம்பகமான அடையாளம்.

எப்போதாவது பிரிண்ட் பொம்மை வாங்கினால் அதற்கு வேறு கவனம். அது யுவி (புற ஊதா) வெளிச்சத்தில் இறுகும் அக்ரிலேட். இறுகாத திரவம் தோலில் பட்டால் ஒவ்வாமை பிடிக்கும், ஒருமுறை பிடித்தால் ஆயுசுக்கும் விடாது. எனக்கு இடது மணிக்கட்டில் வந்தது. நைட்ரைல் கையுறையில் ஊசிமுனை அளவு கிழிசல், கவனிக்காமல் ஒரு மணி நேரம் வேலை செய்துவிட்டேன். இரண்டு வருடம் ஆகிறது. இன்றைக்கும் ரெசின் பாட்டிலைத் திறந்து வைத்தால் அந்த இடம் சிவக்கிறது.

பிரிண்ட் பொம்மையைத் தொட்டால் பிசுபிசுப்பு இருக்கக் கூடாது. இருந்தால் கையுறையோடு ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் கழுவி, நன்றாகக் காய்ந்தபின் யுவி விளக்கில் வையுங்கள். பெரும்பாலான பிரிண்டர் ரெசின் 405 நானோமீட்டர் ஒளிக்கு இறுகும், என் பெயருக்கும் அதுதான் காரணம். முழுக்க இறுகாமல் உப்புத்தாளைத் தொடாதீர்கள். இறுகாத ரெசினைத் தேய்த்தால் தூசியோடு ஒவ்வாமையையும் சேர்த்து மூச்சில் இழுப்பீர்கள்.

பெரிய பொம்மைகளை உள்ளே கூடாக அடிப்பார்கள். அந்தக் கூட்டுக்குள் இறுகாத திரவம் தேங்கியிருக்கும். மேல் தோலைத் தேய்த்துத் தேய்த்து ஓட்டை விழுந்தால் அது கையில் ஒழுகும். எனக்கு ஒரு டிராகன் வயிற்றில் இப்படி நடந்தது. தேய்த்த தண்ணீரையும் வடித்துக் கொட்ட வேண்டாம். கண்ணாடி ஜாடியில் ஊற்றி வெயிலில் இரண்டு மூன்று நாள் வைத்தால் அதில் இருக்கும் மிச்சம் மீதியும் இறுகிவிடும். அப்புறம் வடிகட்டி, வண்டலைக் குப்பைக்கு அனுப்பலாம். ஜாடிக்கு மேல் பெயர் எழுதி, பிள்ளை கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். எங்கள் வீட்டில் ஒருவர் அதை நீர்மோர் என்று நினைத்து எடுத்துவிட்டார், நல்லவேளை குடிக்கவில்லை.

குளிர்தேசம் (லெஸ்டர்)
புதன், இரவு 11.40

நல்ல கதை ஒன்று போகுது, நானும் கொஞ்சம் சேர்க்கிறேன். நான் இங்கே பிரிட்டனில் ஒரு மரவேலைப் பட்டறையில் இருபது வருடம். வேலை தொடங்க முதல் மாஸ்க் பொருந்துதா என்று பார்ப்பார்கள். தலைக்கு மேல் ஒரு சின்னக் கூடாரம் மாதிரி மாட்டி, அதற்குள் கசப்பு மருந்தைப் பீச்சி அடிப்பார்கள். குனி, நிமிர், கதை என்று சொல்லுவார்கள். நாக்கில் கசந்தால் அந்த மாஸ்க் உனக்குச் சரிவராது, வேறு அளவு பார். முதல் நாள் நான் தாடியோடு போனேன். சவரம் செய்துகொண்டு வா என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பல்செட் அண்ணை தாடி பற்றிச் சொன்னதைச் சும்மா எடுக்க வேண்டாம்.

"வெறும் தொல்லைத் தூசி" என்ற கதைக்கு இங்கே சட்டத்தில் ஒரு எல்லை இருக்கு. எந்தத் தூசியாக இருந்தாலும் சரி, எட்டு மணி நேரச் சராசரியில் ஒரு கன மீட்டர் காற்றில் மூச்சோடு உள்ளே இழுபடக்கூடியது 10 மில்லிகிராமோ, நுரையீரலின் ஆழம் வரை போகக்கூடியது 4 மில்லிகிராமோ வந்தால், அது உடலுக்குக் கேடான பொருளாகவே கணக்கெடுக்கப்படும். நஞ்சு இல்லை என்பதால் தப்ப முடியாது.

மற்றது, இதை வாசிக்கிற யாராவது சொந்தமாக வார்க்க யோசித்தால் கவனம். இரண்டு போத்தல் கலந்து வார்க்கிற பொலியூரிதேனில் ஒரு போத்தல் ஐசோசயனேட். வேலையிடத்து ஆஸ்துமாவுக்கு முதன்மையான காரணங்களில் அது ஒன்று. ஒருமுறை உடம்பு அதற்கு விழித்துக்கொண்டால் பிறகு துளியளவும் ஆகாது. வாடையை நம்ப ஏலாது, மணம் தெரிய முதலே அளவு தாண்டியிருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஆகஸ்ட் 24 முதல் இதைத் தொழிலாகக் கையாளுகிறவர்கள் பயிற்சி எடுத்திருக்க வேண்டும். வீட்டில் பொழுதுபோக்காகச் செய்கிறவரை யாரும் கேட்க மாட்டார்கள், அதனால்தான் இன்னும் கவனம் வேணும். இறுகி முடிந்த பொம்மையில் அந்தச் சிக்கல் இல்லை. வார்த்த அன்றே தேய்க்க வேண்டாம், அவ்வளவுதான்.

தூரிகைமுனை (வேளச்சேரி)
அடுத்த ஞாயிறு, காலை 8.30

எல்லோருக்கும் நன்றி. பல்செட் அண்ணா, டார்ச் சோதனையை அன்று இரவே செய்தேன். இரண்டு இழுப்புக்கு அவ்வளவு பறக்கும் என்று நினைக்கவில்லை. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன், அது தப்பாகிவிட்டது. ஏசியின் வலையைக் கழற்று என்றாள். கழற்றினால் மேல் பாதி முழுக்க வெள்ளைப் படலம். அந்த வலை பெருந்தூசிக்குத்தான், நுண்தூசி அதில் புகுந்து திரும்பி வந்துகொண்டே இருந்திருக்கும் என்று அவளே சொன்னாள். நீங்கள் எழுதியதை என்னைவிட நன்றாகப் படித்திருக்கிறாள். இரண்டு நாள் ஈரத்துணியோடு வீடு முழுக்கத் துடைத்தேன். திரைச்சீலையைக்கூட விடவில்லை.

அப்புறம் பேரம் பேசினோம். ஹால் கிடையாது, குளியலறையில் ஒரு முக்காலி போட்டுக்கொள்ளலாம், காலை ஆறு மணிக்குள் முடித்துவிட வேண்டும், முடிந்ததும் தரையைக் கழுவிவிட வேண்டும், மகள் எழுந்தால் கதவைத் திறக்கக் கூடாது. சரி என்றேன். கேட்டால் சிரிப்பீர்கள், ஹாலைவிட வசதியாக இருக்கிறது. தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில், தரையும் ஈரம். பழைய என்95-இல் நாடா தளர்ந்திருந்த மூன்றைத் தூக்கிப் போட்டுவிட்டேன். தாடி இல்லை, ஆனால் மீசை ஓரத்தைக் கொஞ்சம் ட்ரிம் செய்ய வேண்டியிருந்தது.

காலடிக் கட்டையை ரேசர் ரம்பத்தால் அறுக்க இருபது நிமிடம் ஆனது. உப்புத்தாளில் இரண்டு மாலை தேய்த்தும் பாதிகூடக் குறையாத கட்டை அது. கீழே விழுந்தது ஈர ரவை மாதிரி. அச்சுக் கோட்டைச் சுரண்டி முடித்தபோது வாட்டர் பேப்பருக்கு வேலையே இல்லை, 600-ஐ மட்டும் கொஞ்சம் காட்டினேன்.

ஒரு புது தலைவலி. கட்டையை அறுத்த இடத்தில், வலது பாதத்துக்கு அடியிலும் குதிகாலிலும், கடுகளவு ஓட்டைகள் ஏழெட்டு. காற்றுக் குமிழ் என்று நினைக்கிறேன். இரண்டு பகுதி பிசைந்து வைக்கும் எபாக்ஸி புட்டி வாங்கி அடைத்திருக்கிறேன். அது இறுகியதும் தேய்க்க வேண்டும். அந்தத் தூசிக்கும் இதே கதைதானா?

பல்செட் (மதுரை)
ஞாயிறு, மதியம் 2.10

அதே கதைதான், ஆனால் ஒரு குறுக்கு வழி இருக்கிறது. புட்டி இறுகுவதற்கு முன்பே விரலைத் தண்ணீரில் நனைத்து வழித்துவிட்டால் தேய்க்க ஒன்றும் மிஞ்சாது. வெறும் விரல் வேண்டாம், கையுறை போட்டுக்கொள்ளுங்கள், இறுகாத எபாக்ஸியும் தோலுக்கு ஆகாது. இப்போது இறுகிப் போயிருந்தால் இருபத்துநாலு மணி நேரம் விட்டு, ஈரத்தில் 400, அப்புறம் 600. புட்டியில் நிரப்புத் தூள் கலந்திருக்கும், உலர்ந்து தேய்த்தால் ரெசினைவிட மோசமாகப் பறக்கும்.

பாதத்துக்கு அடியில் இருக்கும் ஓட்டைக்கு இவ்வளவு மெனக்கெடணுமா தம்பி? பீடத்தில் ஒட்டினால் யார் பார்க்கப் போகிறார்கள். குதிகாலை மட்டும் சரிபண்ணுங்கள்.

தூரிகைமுனை (வேளச்சேரி)
ஞாயிறு, இரவு 9.45

குதிகால் மட்டும்தான், சரி அண்ணா. பிரைமர் அடித்ததும் படம் போடுகிறேன். அதற்கு வேறு மாஸ்க் வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள், கரி ஃபில்டர் தேடிக்கொண்டிருக்கிறேன். பொம்மை பீரோவிலிருந்து இறங்கிவிட்டது. மகள் அதற்கு இப்போதே பெயர் வைத்துவிட்டாள். பூனைப் பெயர்.